பட்டன்ல ஊதின அம்மா

அந்த ஆஸ்பத்திரியில அவங்களைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க. வாயம்மா, அவ்வளவுதான். பெருக்குற அம்மால இருந்து லிஃப்ட்காரர் வரைக்கும் எல்லாருக்கும் வாயம்மா. பெரிய டாக்டர் வெளிதேசத்துப் பொம்பளை, அவங்ககூட அந்தப் பேரைக் கத்துக்கிட்டு "வாயாம்மா"ன்னு இழுத்துக் கூப்பிடுவாங்க. இதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல. டாக்டருக்கு இங்கிலீஷ் தவிர எதுவும் தெரியாது, வர்ற நோயாளிகள்ல பாதிப்பேருக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. நடுவுல உட்கார்ந்து இந்தப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பேச்சை இந்தப் பக்கமும் தள்ளிவிட ஒரு வாய் வேணுமா வேணாமா? அந்த வேலைக்குத்தான் இவங்களை வச்சிருந்தாங்க.

அவங்க வீட்டுக்காரர் கண்ணாடிக்கடையில ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுறவர். கொஞ்சம் நக்கல் பிடிச்ச மனுஷன். "ஊருக்கெல்லாம் வாயை வாடகைக்கு விடுறா. வீட்டுக்கு வந்தா பூட்டுப் போட்டுக்குறா"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவார். உண்மைதான். நாள் பூரா அடுத்தவங்க பேச்சைப் பேசிட்டு வர்றவங்களுக்கு வீட்டுல சொந்தப் பேச்சு என்ன மிஞ்சும்?

வாயம்மா வேலை பார்த்தது மறதிப் பிரிவுல. அந்த ரூமை ஒரு தடவை பார்த்தா மறக்காது. வட்ட மேசை, நாலு நாற்காலி, மூக்குத் துடைக்கக் காகித டப்பா. சுவத்துல கடிகாரம் இருக்காது, காலண்டர் இருக்காது. டாக்டர் கைக்கடிகாரத்தைக்கூடக் கழட்டி இழுப்பறையில போட்டுட்டுத்தான் உட்காருவாங்க. ஏன்னா அவங்க கேட்கப்போற கேள்வியே "இன்னைக்கு என்ன கிழமை, இப்ப மணி என்ன இருக்கும்?"ங்கிறதுதான். சுவத்தைப் பார்த்துச் சொல்லிட்டா என்ன அர்த்தம் இருக்கு?

அதுக்கு முன்னாடி வாயம்மா பிஸ்கட் கம்பெனியில பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. சாயங்கால வகுப்புல இங்கிலீஷ் படிச்சு, அப்புறம் மொழி மாத்திச் சொல்றவங்களுக்குன்னு நடத்துற வகுப்புக்கும் போய், முட்டி மோதி இந்த வேலைக்கு வந்தாங்க. வகுப்புல சொல்லிக்கொடுத்த முதல் விதியே கொஞ்சம் விபரீதமான விதி. நோயாளி "எனக்குத் தலை வலிக்குது"ன்னா, "அவருக்குத் தலை வலிக்குதாம்"னு சொல்லக்கூடாது. "எனக்குத் தலை வலிக்குது"ன்னே இங்கிலீஷ்ல சொல்லணும். அவர் 'நான்'னா இவங்களும் 'நான்'. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, நடுவுல தான்னு ஒரு ஆள் இருக்கிறதே தெரியக்கூடாது.

வந்த புதுசுல வாயம்மா ஒரு கூத்து பண்ணினாங்க. ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் வந்திருந்தாங்க. மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறாரான்னு டாக்டர் கேட்டாங்க. அதுக்கு அந்தம்மா, "காலையில நான் ஞாபகப்படுத்தினா ஞாபகம் வந்துடும், போட்டுக்குவார்"னு சொன்னாங்க. வாயம்மா என்ன பண்ணினாங்க, பாதியை முழுங்கிட்டு, அவர் காலையில மாத்திரையை ரிமெம்பர் பண்ணிக்குவார்னு சொல்லிட்டாங்க. டாக்டர் முகம் மலர்ந்துபோச்சு. ஆனா டாக்டர் கெட்டிக்காரி. பேசும்போது அந்தம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினதைப் பார்த்திருக்காங்க. திருப்பிக் கேட்டாங்க, குட்டு வெளிப்பட்டுச்சு.

திட்டுவாங்கன்னு வாயம்மா பயந்து போயிருந்தாங்க. திட்டலை. எல்லாரும் போனதும் டாக்டர் பக்கத்துல உட்காரவச்சுப் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. அப்பத்தான் வாயம்மாவுக்குப் புரிஞ்சுது. நமக்கு எல்லாத்துக்கும் ஞாபகம்தான். ஞாபகம் இருக்கு, ஞாபகம் வருது, ஞாபகப்படுத்துறாங்க, ஞாபகம் வச்சுக்கிறோம். எல்லாம் ஒரே குடும்பம். இங்கிலீஷ்காரங்க ஒவ்வொண்ணையும் தனிக்குடித்தனம் வச்சுட்டாங்க. தனக்குள்ள தானா இருக்கிறது ரிமெம்பர். அடுத்தவங்க வந்து எடுத்துக் குடுக்கிறது ரிமைண்ட். உருப்போட்டு அமுக்கி வச்சுக்கிறது மெமரைஸ். எங்கயோ கிடக்கிறதைத் துழாவித் துழாவி வெளிய இழுக்கிறது ரீகால்.

"இந்த ரூம்ல எனக்குப் பெரிய எதிரி ரிமைண்ட்தான்"னாங்க டாக்டர். "நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்துட்டா போச்சு. அவங்களுக்கா ஞாபகம் இருந்துச்சா, நீங்க குடுத்ததான்னு எனக்கு எப்படித் தெரியும்? புருவத்தைக்கூட அசைக்காதீங்க."

அன்னைக்கு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர்கிட்ட இதைப் பெருமையா சொன்னாங்க. அவர் யோசிச்சுட்டு, "அப்ப பால் வாங்கிட்டு வாங்கன்னு நீ காலையில இருந்து கத்துறியே, அது என்ன?"ன்னு கேட்டார்.

"ரிமைண்ட்."

"அப்புறமும் நான் வெறுங்கையோட வந்து நின்னா?"

"அதுக்குப் பேர் திமிர். அதுக்கெல்லாம் இங்கிலீஷ் வேண்டாம்."

இப்படிச் சிரிச்சுக்கிட்டே வருஷம் ஓடுச்சு. வேலையில அப்புறம் ஒரு பிழை கிடையாது. ஆனா அந்த 'நான்' இருக்கு பாருங்க, அது சும்மா விடலை. எத்தனை பேரோட நானை அந்த வாய் பேசியிருக்கும்! எனக்கு என் பொண்டாட்டி பேர் தெரியலை. நான் வேலைக்குக் கிளம்பணும், கதவைத் திறங்க. என் தம்பி தெருமுனையில வந்துட்டான், நான் பார்த்தேன். சொல்லிட்டு, கையைக் கழுவிட்டு வீட்டுக்கு வந்துடலாம்னுதான் அவங்களும் நினைச்சாங்க. ஒருநாள் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே ஜன்னல் வழியா தெருமுனையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. "யாரைப் பார்க்குற?"ன்னு வீட்டுக்காரர் கேட்டதுக்கு, "தம்பி இன்னும் வரலையே"ன்னுட்டாங்க. அவங்களுக்குத் தம்பியே கிடையாது. ஒரே ஒரு அக்காதான். சொன்ன பிறகுதான் அவங்களுக்கே உறைச்சுது. வீட்டுக்காரர் என்னவோ பெரிய ஜோக் மாதிரி சிரிச்சார். இவங்களும் சேர்ந்து சிரிச்சு வச்சாங்க.

அதெல்லாம் போகட்டும். வாயம்மாகிட்ட சொந்தமா ஒரு ஞாபகம் இருந்துச்சு. அதை மட்டும் யாரும் தொட முடியாதுன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க.

அவங்க அம்மா செத்தப்ப இவங்க ரொம்பச் சின்னப் பிள்ளை. வீடு மாறும்போது இருந்த ஒரே போட்டோவும் தொலைஞ்சுபோச்சு. அப்பா லாரி ஓட்டினவர், எண்ணி எண்ணித்தான் பேசுவார். ஆக அம்மான்னா இவங்களுக்கு இருந்தது இது ஒண்ணுதான். குளிர்காலக் காலை. அம்மா சட்டையை இஸ்திரி போட்டு, சூடு ஆறுறதுக்குள்ள இவங்களுக்கு மாட்டிவிடுவாங்க. துணி கதகதன்னு இருக்கும், ஆனா தகரப் பட்டன் மட்டும் சுடும். அதனால ஒவ்வொரு பட்டனா ஊதி ஊதி மாட்டுவாங்க. கழுத்துப் பட்டன் வரும்போது அம்மா முகம் ரொம்பக் கிட்ட வந்துடும். பல்வலிக்குக் கிராம்பு அடக்கியிருப்பாங்க போல, அந்த வாசத்தோட மூச்சுக்காத்து தொண்டைக்குழியில படும். அவ்வளவுதான் ஞாபகம். உடம்பு அசந்துபோற நாள்ல எல்லாம் வாயம்மா கண்ணை மூடிக்கிட்டு அந்தக் காத்தைத்தான் தேடுவாங்க. பெத்தவ ஒருத்தி தன்னைக் கொஞ்சியிருக்காங்கிறதுக்கு அவங்களுக்கு வேற சாட்சி இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்கா வந்திருந்தாங்க. வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்த வாயம்மா, சும்மா ஒரு பட்டன்ல ஊதிட்டுச் சிரிச்சாங்க.

"அம்மா இப்படித்தானேக்கா நமக்கு ஊதி ஊதி மாட்டிவிடுவாங்க?"

"எந்த அம்மா?"

"என்னக்கா எந்த அம்மான்னு கேட்குற? நம்ம அம்மாதான். இஸ்திரி போட்டுச் சூடா..."

அக்கா ஒரு மாதிரியா பார்த்தாங்க. "நம்ம வீட்டுல ஏதுடி இஸ்திரிப்பெட்டி? அப்பா துணியை உதறிக் காயப்போட்டு மடிச்சுத் தலகாணிக்கு அடியில வைப்பார், அதுதான் நமக்கு இஸ்திரி. உன்னைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டினது எல்லாம் நான்தான். நீ பொறந்ததுல இருந்தே அம்மா படுத்த படுக்கை. உன்னைத் தூக்கக்கூடத் தெம்பு கிடையாது அவங்களுக்கு."

"இல்லக்கா. கிராம்பு வாசம்கூட எனக்கு..."

"கிராம்பா? அந்த வாசம் பட்டாலே அம்மாவுக்குக் குமட்டும்டி. அதனாலேயே வீட்டுல அதை வாங்கவே மாட்டோம்."

சொன்ன பிறகுதான் தங்கச்சி முகத்தைப் பார்த்தாங்க. முகத்துல ஈ ஆடலை. "விடுடி, சின்ன வயசு, எதையோ எதோடயோ போட்டுக் குழப்பிக்கிட்டிருப்ப"ன்னு அக்கா சமாளிச்சாங்க. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைக்கணும்னுகூடத் தோணாம வாயம்மா நின்னாங்க. சட்டை தீஞ்சு வாசம் வந்துச்சு.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாத்தையும் கொட்டினாங்க. ஆறுதல் சொல்றேன்னு அவர் பங்குக்கு ஒரு குண்டைப் போட்டார்.

"எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம்தான். கல்யாணம் ஆன புதுசுல, அம்மா பத்தி எனக்கு ஒரு துளிகூட ஞாபகம் இல்லன்னு நீதானே உட்கார்ந்து அழுத? அப்புறம் திடீர்னு ஒருநாள் பட்டன் கதை சொன்ன. சரி, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு போலன்னு நானும் விட்டுட்டேன்."

"அப்ப எனக்குள்ள இருக்கிறது யாரு?"

"யாரா இருந்தா என்ன? நல்ல அம்மாவாத்தானே இருக்காங்க?"

"உங்களுக்கு என்ன, உங்க அம்மா நேத்துகூட போன் பண்ணிச் சாப்பிட்டியாடான்னு கேட்டாங்க. நீங்க பேசுவீங்க!"ன்னு வாயம்மா வெடிச்சாங்க.

அதுல இருந்து பிடிச்சுது பேய். பேய்னா கொலுசு போட்டுக்கிட்டு வர்ற பேய் இல்லைங்க. துணி மாத்தும்போது கழுத்துகிட்ட ஒரு மூச்சு. நேத்துவரைக்கும் அம்மான்னு கொஞ்சின அதே மூச்சு, இன்னைக்கு யாரோ ஊர்பேர் தெரியாத பொம்பளையோட மூச்சு. அதைத் தள்ளிட்டு உண்மையான அம்மாவைத் துழாவிப் பார்த்தாங்க. ஒரு கட்டில் கால் வந்துச்சு. தரையில ஒரு டம்ளர். அதுகூட தன்னோடதா, இல்ல ஏதாவது நோயாளியோடதான்னு தெரியலை. ரூமுக்குள்ள எந்தக் கிழவி நுழைஞ்சாலும், இவங்களா, இவங்ககிட்ட இருந்துதான் எடுத்தேனான்னு உத்து உத்துப் பார்த்தாங்க.

அப்படி இருக்கும்போதுதான் அந்த லாண்டரியம்மா வந்தாங்க. காலம் பூரா சலவைக்கடை நடத்தினவங்க, கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. டெம்போ ஓட்டுற மகன் கூட்டிட்டு வந்தார். பல வருஷத்துக்கு முன்னாடி தனியா ஒரு தடவை வந்தாங்களாம், அப்ப பெரிசா ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்களாம். வாயம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரியலை. எத்தனை முகத்தைத்தான் வச்சுக்கிறது?

ரூம்ல ஏசி கொஞ்சம் அதிகம். மகன் அம்மாவோட ஸ்வெட்டருக்குப் பட்டன் போட்டுவிட்டார். கீழ இருந்து ஒண்ணொண்ணா வந்தார். கழுத்துப் பட்டன்ல அவர் கை வந்ததும், லாண்டரியம்மா தாடையைத் தாழ்த்தி அது மேல 'ஃபூ'ன்னு ஊதினாங்க. மேசை தாண்டி ஒரு கிராம்பு வாசம் வந்துச்சு.

வாயம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"இது ஒரு பழக்கங்க அவங்களுக்கு"ன்னு மகன் சங்கடமா சிரிச்சார். "எந்தப் பட்டனைப் பார்த்தாலும் ஊதுறாங்க. ஏம்மா ஊதுறீங்கன்னா, தெரியலையேப்பாங்கிறாங்க. எனக்கும் தெரியலை."

வாயம்மாவுக்குத் தெரிஞ்சுது. எல்லாம் தெரிஞ்சுது. இதே மேசை, இதே பக்கம். உங்க அம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்கன்னு டாக்டர் அன்னைக்குக் கேட்டதும், இந்தம்மா இஸ்திரி, தகரப் பட்டன், கிராம்புன்னு அணை உடைஞ்ச மாதிரி பேசினதும், தான் பக்கத்துல உட்கார்ந்து 'ஐ ரிமெம்பர்'னு ஆரம்பிச்சு, என் அம்மா, என் சட்டை, என் கழுத்துன்னு சொல்லிக்கிட்டே போனதும், சொல்லும்போதே தன் குரல் தழுதழுத்ததும் அப்படியே வந்து நின்னுச்சு. அம்மா இல்லாம வளர்ந்த பிள்ளைக்கு அன்னைக்குத்தான் முதல்முதலா வாயில என் அம்மான்னு ஒரு முழுக்கதை வந்திருக்கு. அதைக் கீழ வைக்க மனசு வராம வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிருக்காங்க. வேணும்னு எடுக்கலை. எடுத்ததே தெரியாது.

டாக்டர் ஆரம்பிச்சாங்க. கிழமை கேட்டாங்க. "அதெல்லாம் என் பையன் பார்த்துக்குவான்"னு லாண்டரியம்மா சிரிச்சாங்க. அப்புறம் டாக்டர் மெதுவா, அம்மாவைப் பத்தி என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்கச் சொன்னாங்க. வாயம்மா கேட்டாங்க.

"அம்மாவா? இருந்திருப்பாங்க. இல்லாமயா நான் வந்தேன்?"

"முகம், பேச்சு, ஏதாவது ஒண்ணு, சின்னதா இருந்தாக்கூடப் போதும்மா."

லாண்டரியம்மா மேசையைப் பார்த்தாங்க. விரல் கழுத்துப் பட்டனைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. டாக்டர் தாழ்ந்த குரல்ல, "அவசரம் இல்ல, அவங்களாவே தேடட்டும். எடுத்துக் குடுக்காதீங்க"ன்னாங்க.

வாயம்மா நாக்கு நுனியில இஸ்திரிங்கிற வார்த்தை நின்னுச்சு. அந்த ஒரு வார்த்தை போதும், கிழவிக்கு மொத்தமும் திரும்பிடலாம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. விதி மட்டும் தடுத்திருந்தா பரவாயில்ல. உள்ளுக்குள்ள இன்னொண்ணு முணுமுணுத்துச்சு: அவங்களுக்கே இல்லன்னு ஆகிடுச்சு, மகனுக்கும் தெரியாது, இனி யார் வந்து கேட்கப்போறாங்க? நானே வச்சுக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் வாயம்மாவுக்குத் தன்னையே பிடிக்காமப் போச்சு. ஆனாலும் அது போகலை, அங்கயே உட்கார்ந்திருந்துச்சு.

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல"ன்னாங்க லாண்டரியம்மா.

என் அம்மாவைப் பத்தி எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லைன்னு வாயம்மா இங்கிலீஷ்ல சொன்னாங்க. இத்தனை வருஷத்துல எத்தனையோ நானைப் பேசின வாய்தான். அன்னைக்குத்தான் அந்த நான் யாருன்னு அவங்களால பிரிக்க முடியலை.

முடிஞ்சுது. மகன் வண்டியைக் கொண்டுவரக் கீழ போனார். நடைகூடத்துப் பெஞ்சுல லாண்டரியம்மா தனியா உட்கார்ந்திருந்தாங்க. வாயம்மா தண்ணி குடிக்கிற சாக்குல வெளிய வந்து, கொஞ்ச நேரம் நின்னு, அப்புறம் பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க. ரூமுக்கு வெளிய ஞாபகப்படுத்தக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. குடுத்துட்டா தன் கையில ஒண்ணும் மிஞ்சாது, அதுவும் தெரியும். ஆனா ஒரு கிழவியோட அம்மாவைப் பிடுங்கி வச்சுக்கிட்டு இனி எப்படித் தூங்குறது?

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னாங்க. உங்க அம்மான்னு ஆரம்பிக்கவே நாக்கு மறுத்துச்சு. என் அம்மா, என் அம்மான்னே பழகின நாக்கு. இழுத்துப் பிடிச்சுச் சொன்னாங்க. "உங்க அம்மா குளிர்காலத்துல உங்க சட்டையை இஸ்திரி போட்டுச் சூட்டோட மாட்டிவிடுவாங்க. தகரப் பட்டன் சுடும்னு ஒவ்வொண்ணா ஊதுவாங்க. கழுத்துப் பட்டன் வரும்போது முகம் கிட்ட வரும். கிராம்பு வாசம் அடிக்கும். அந்தக் காத்து இங்க, தொண்டைக்குழியில வந்து படும். அதுக்காகவே நீங்க வேணும்னே நிமிர்ந்து நிப்பீங்க."

எல்லாத்தையும் சொன்னாங்க. ஒரு துளிகூடத் தனக்குன்னு நிறுத்திக்கலை. சொல்லி முடிச்சப்ப கண்ணு ரெண்டும் வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

லாண்டரியம்மா முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பாம கேட்டாங்க. "அடடா, எவ்வளவு நல்லா இருக்கு! உங்க அம்மாவா?"ன்னாங்க.

"இல்லம்மா. உங்க அம்மா."

"என் அம்மாவா? சேச்சே, அப்படி இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?" கிழவி ஸ்வெட்டர் கையை இழுத்து வாயம்மா கன்னத்தைத் துடைச்சுவிட்டாங்க. "அழுறது நீங்க. அப்ப யாரோட அம்மாவாம்?"

மகன் படியேறி வந்து அம்மா கையைப் பிடிச்சு எழுப்பினார். லாண்டரியம்மா ரெண்டடி போய் நின்னு, ஏதோ பெரிய மனுஷி சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி திரும்பிச் சொன்னாங்க.

"அப்படி ஒரு அம்மா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், கண்ணு. பத்திரமா வச்சுக்கோங்க. எனக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல."